ஐந்துக்கு இரண்டு

நவம் மாவத்தையில் ஏழாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் பேரை வாவி.
ஒரு கூழைக்கடா தன்பாட்டில்
கட்டையொன்றில் குந்தியிருக்கிறது.
அதற்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

எனக்குப் போட்டிருந்தார்கள்.
வேலையில் பிழையின்மை: ஐந்து.
நேரம் தவறாமை: ஐந்து.
தொடர்பாடல்: இரண்டு.
அந்த இரண்டின் கழுத்து
வாத்தின் கழுத்துப்போல் வளைந்திருந்தது.
தினுக்க நல்ல மனிதர். பேனையை மூடிவிட்டு
ஆங்கிலத்தில், மெதுவாகத்தான் சொன்னார்:
நீங்கள் இருப்பதே தெரிவதில்லை, தர்மினி.
கூட்டங்களில் கொஞ்சம் வாய் திறக்கலாமே.

ஒரே நெளிவை இரண்டு விபத்தாக்கி
முப்பத்தெட்டு இலட்சம் கேட்ட காரின் படத்தை
நான்தான் பிடித்தேன்.
மின்னஞ்சலில் மூன்று வரி எழுதி அனுப்பினேன்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை
பஸ்னா சொன்னாள்,
நடுவில் ஒரு பகிடி வைத்து,
சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்து.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
என் பெயரையும் சொன்னாள்தான், பொய் சொல்லக்கூடாது.
சிரிப்புச் சத்தத்தில் அது எங்கேயோ விழுந்துவிட்டது.

அவளுக்குப் பதினெட்டாயிரம் கூட்டினார்கள்.
எனக்கு ஆறு.

பதினொரு வயதில் எனக்கு வாய் இருந்தது.
நூறாம் நம்பர் பஸ்ஸில் காலி வீதி நெடுக
கடைப் பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டு வருவேன்.
பம்பலப்பிட்டியில் சோதனைக்கு மறித்தால்
அம்மாவின் விரல் என் தொடையில் அழுந்தும்.
மெல்லக் கதை.
பிறகு, கதையாதே.
பிறகு விரல் மட்டும்.
அந்தப் பாடத்தில் நான் ஐந்துக்கு ஐந்து.
பெயரைக் கேட்டால் பெயர்.
அட்டையைக் கேட்டால் அட்டை.
கூடுதலாய் ஒரு சொல் செலவழித்ததில்லை.
இருப்பதே தெரியாமல் இருப்பதற்கு
எத்தனை வருடப் பயிற்சி, தினுக்க.
உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நேற்று கழிவறைக் கண்ணாடி முன்னால்
பஸ்னா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிசைந்துகொண்டு நின்றாள்,
ரொட்டிக்கு மா பிசைவதுபோல்.
தாட நோவுதுடீ, என்றாள்.
காலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன்,
அவருக்கு ஒரு முகம்.
பத்து நிமிடம் கழித்து ஏஜென்டுகள்,
அவர்களுக்கு வேறொன்று.
மாளிகாவத்தைக்குப் போய்ச் சேரும்போது
முகத்தில் ஒன்றும் மிச்சமிராதாம்.
சிரிப்பெல்லாம் கந்தோருக்கு மட்டுமா என்று
மாமி கேட்பாளாம்.

பதினெட்டாயிரத்தை அவளுடைய சிரிப்புகளால்
மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
கணக்கில் நான் கெட்டி.
ஒரு சிரிப்புக்கு விழுவது
ஒரு பிளேன்டீக்கும் காணாது.
கைப்பையில் சித்தாலேப இருந்தது. எடுத்து நீட்டினேன்,
எதுவும் சொல்லாமல்தான்.

இன்று கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறினேன்.
கொண்டக்டர் இருபது ரூபாயை மறந்தான்,
அல்லது மறந்ததுபோல் இருந்தான்.
என்னைப் போன்ற ஆட்களிடம் அவர்களுக்கு மறதி அதிகம்.
பம்பலப்பிட்டி வந்தது.
தொடையில் விரலொன்று அழுந்தியது,
பக்கத்து இருக்கை காலி.

மிச்சக் காசு, என்றேன்.
தமிழில். தேவைக்கு மேல் சத்தமாக.
முன்னால் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு
தன் போனுக்குள் போய்விட்டார்.
அவ்வளவுதான்.
கொண்டக்டர் முகம் பாராமலே நீட்டினான்.
கசங்கிய இருபது, வியர்வை ஈரத்தோடு.

வெள்ளவத்தையில் இறங்கும்வரை
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கடைசியில்
சம்பள உயர்வுக் கடிதத்துக்குள் வைத்து மடித்தேன்.

ஆறாயிரத்து இருபது.